அறுபதுக்கு மேலே ஆயிரம் கேள்வி

கே: அமெரிக்காவில் இருக்கும் மகன் கைக்கடிகாரம் ஒன்று வாங்கி அனுப்பி, தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறான். ஆறாயிரத்திலேயே நாக்கு தள்ளுகிறது. மீதி நாலாயிரத்துக்கு என்ன செய்ய?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

ப: தள்ளுபடி செய்துவிடுங்கள். வங்கியில் இருந்தவருக்குச் சொல்லித்தர வேண்டுமா! பத்தாயிரம் என்பது எந்த டாக்டரும் சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கு இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டோடு, 1965-ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நடையளவியை விற்பனைக்கு விட்டது. அதற்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். முழு எண் மனதில் நின்றது, சரக்கும் விற்றது. கணக்கு மட்டும் கடல் தாண்டி உங்கள் மகன் வரைக்கும் வந்துவிட்டது.

2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயின் குழு, சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 பெண்களின் நடையை எண்ணிப் பார்த்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் லாபம் ஒன்றும் தெரியவில்லை. ஆக, உங்கள் ஆறாயிரம் நல்ல மார்க்தான். அடுத்த முறை மகன் வீடியோ காலில் வரும்போது, “நீ இன்னைக்கு எத்தனை அடிப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். நெட்வொர்க் சரியில்லை என்பான்.

கே: நடப்பதற்கு உகந்த நேரம் காலையா, மாலையா?
– வாசகி, சேலம்

ப: சாப்பாட்டுக்குப் பிறகு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 41 சர்க்கரை நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். நினைத்த நேரத்தில் அரைமணி நேரம் நடப்பது ஒரு முறை. மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் பத்துப் பத்து நிமிடம் நடப்பது இன்னொரு முறை. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை, இரண்டாவது முறையில் சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம் குறைவு. நம்மில் பலருக்குப் பெரிய சாப்பாடு ராத்திரியில்தான், அதை முடித்தவுடன் போய்ச் சேரும் இடம் சோபா. சீரியல் எங்கும் ஓடிவிடாது. மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தாலும் மாமியாரும் மருமகளும் அதே சண்டையில்தான் இருப்பார்கள்.

கே: எனக்கு 68 வயது. தினமும் நடக்கிறேன். டாக்டர் ‘கொஞ்சம் வெயிட் தூக்குங்கள்’ என்கிறார். இந்த வயதில் நான் என்ன பயில்வானா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

ப: பயில்வானாக வேண்டாம் ஐயா. பேத்தியைத் தூக்க வேண்டாமா, கேஸ் சிலிண்டரை நகர்த்த வேண்டாமா? நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் வயதாக ஆகக் கரைந்துபோகும் தசையை நடை மட்டும் காப்பாற்றாது. 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த, தொண்ணூறு வயதைத் தொட்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுக் காலே சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது; உங்களுடையது அறுபத்தெட்டுதான்.

ஜிம் வேண்டாம். கை வைக்காத மர நாற்காலி ஒன்றைச் சுவரோரம் நகராதபடி போடுங்கள். நுனிக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் முழுசாகப் பதித்து, இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். உட்காரும்போதுதான் விஷயமே இருக்கிறது: தொப்பென்று விழாமல், மனதுக்குள் நாலு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். தொடையில் சுருக்கென்று தெரிந்தால் தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். பத்துத் தடவை முடித்ததும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாக எடுத்து மேலும் கீழும் தூக்குங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். நெஞ்சு வலித்தால் நிறுத்துங்கள். சோம்பல் வலித்தால் நிறுத்தாதீர்கள்.

கே: தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அதனால் டைனிங் டேபிள் வாங்கிவிட்டோம். சரிதானே?
– குடும்பத் தலைவி, தஞ்சாவூர்

ப: டேபிள் வாங்கியது சரி, தரையைக் கைவிட்டது சரியில்லை. சாப்பிட டேபிள், படுக்கக் கட்டில், பூஜைக்கு ஸ்டூல், பாத்ரூமில் வெஸ்டர்ன் என்று வரிசையாக வந்தபின், நம் வீட்டுத் தரை கிரானைட் பதித்துப் பார்ப்பதற்கு மட்டும்தான் என்றாகிவிட்டது.

பிரேசிலில் கிளாடியோ அராவ்ஜோ என்ற டாக்டர் ஒரு சோதனை வைத்தார். வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். உட்கார ஐந்து மார்க், எழ ஐந்து மார்க். கை ஊன்றினால் ஒன்று போச்சு, முழங்கால் ஊன்றினால் இன்னொன்று போச்சு. 51 முதல் 80 வயது வரை 2,002 பேரைச் சோதித்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், குறைந்த மார்க் வாங்கியவர்களிடம் இறப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. 2012-ல் முடிவு வெளியானது. பந்தியில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்து எழுந்த நம் பாட்டிமார் இந்தப் பரீட்சையைத் தினம் மூன்று வேளை எழுதினார்கள், மார்க் போடத்தான் யாரும் இல்லை.

நாளுக்கு ஒரு முறை, சுவரையோ கட்டிலையோ பிடித்துக்கொண்டாவது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது தரையில் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் இதில் சேர்த்தி இல்லை. அவர்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்னதைக் கேட்கவும்.

கே: ஒற்றைக்காலில் நிற்பது நல்லதாமே? தவம் செய்யும் வயதா இது?
– வாசகர், செங்கல்பட்டு

ப: உங்களுக்குப் பக்கத்து ஊர் சங்கதியையே சொல்கிறேன். மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் சண்டை போட்டு முடியவில்லை. யாராக இருந்தாலும் பத்து விநாடிச் சோதனையில் தேறிவிட்டார். 2022-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 51 முதல் 75 வயதுள்ள 1,702 பேரைப் பிடிமானம் இல்லாமல் பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் இல்லை, நிலைகுலைந்து விழுகிறவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதுதான் பொருள். பால் பொங்கும் வரை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை லேசாகத் தூக்குங்கள். பழகப் பழகப் பிடியைத் தளர்த்தலாம். வரம் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். பஸ்ஸில் பிரேக் போடும்போது பலன் தெரியும்.

கே: மூட்டு வலி. நடந்தால் இன்னும் தேயும் என்று பக்கத்து வீட்டம்மா சொல்கிறார்.
– வாசகி, விழுப்புரம்

ப: தேயும் என்று பயந்து உட்கார்ந்துவிட்டால் முதலில் தேய்வது தொடைத் தசை. மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு நடங்கள். வலி மறக்கும் அளவுக்கு அவரிடம் செய்தி இருக்கும்.

கே: காபிக்குக் கருப்பட்டி போட்டுக் குடித்தால் சுகர் ஏறாதுதானே?
– சுகர்காரர், தூத்துக்குடி

ப: ஏறும். மணம் வேறு, சத்து கொஞ்சம் கூட, விலை ரொம்பக் கூட. ஆனால் அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். நாட்டுச்சர்க்கரை, தேன், வெல்லம் எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்பு. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். வாசற்படியில் காத்திருப்பவர்கள் 13 கோடிக்கு மேல். இவர்களில் எத்தனை பேர் ‘நான் வெள்ளைச் சர்க்கரையைத் தொடுவதே இல்லை’ என்று சொல்லிக்கொண்டு அதிரசம் சாப்பிடுகிறார்களோ!

கே: உப்பை நன்றாகக் குறைத்துவிட்டேன். ஊறுகாய் மட்டும்தான் தொட்டுக்கொள்கிறேன். பிரஷர் ஏன் இறங்கவில்லை?
– வாசகர், ராஜபாளையம்

ப: திருடனை வாசலில் விரட்டிவிட்டுக் கொல்லைப்புறமாக அழைத்து விருந்து வைக்கிறீர்கள். ஒருவருக்கு நாளுக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, எல்லாம் சேர்த்து. அந்த ‘எல்லாம்’ என்பதில் ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, பேக்கரி பிஸ்கட், மிக்சர் அத்தனையும் அடக்கம். குழம்பில் குறைத்து மோர் மிளகாயில் வட்டியோடு வசூலிப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பு வாங்குமுன் ஒரு எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கே: பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், நாமக்கல்

ப: நார்மலுக்கு வந்ததே மாத்திரையால்தான். மழையில் நனையாமல் வந்துவிட்டோம் என்று குடையை வீசிவிடுவீர்களா? குறைப்பதா நிறுத்துவதா என்பது மருந்து எழுதியவரின் வேலை. அவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோங்கள்: எலும்பு டாக்டர் கொடுத்தது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கின வலி மாத்திரை, சம்பந்தி சிபாரிசு செய்த லேகியம், எல்லாம். சில வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். பையைக் கொட்டிப் பார்த்தால்தான் அது டாக்டருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் வைத்தால் பிரஷர் இறங்காது, விழுங்க வேண்டும்.

கே: வயதானால் அரை வயிறு சாப்பாடு போதும் என்று இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறேன்.
– ஓய்வுபெற்ற தபால்காரர், திண்டுக்கல்

ப: அரிசியில் அரை வயிறு சரி, புரதத்தில் கூடாது. வயதாகும்போது உடம்புக்கு வேண்டிய கலோரி குறைகிறது, புரதத் தேவை குறைவதில்லை. முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 60 கிலோ இருந்தால் நாளுக்கு 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம். நூறு கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் உண்டு. ஆனால் உங்கள் தட்டில் விழுகிற சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் லைட் வேண்டும். அதனால் சாம்பாருக்கு வேகவைத்த பருப்பில் ஒரு கரண்டியை முன்கூட்டியே தனியே எடுத்து வையுங்கள். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் கெட்டித் தயிர், சாப்பிடுபவர்களுக்கு மீனோ முட்டையோ. பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் சுண்டல் என்று எந்தப் பிள்ளையாரும் சொல்லவில்லை. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை டாக்டர் போட வேண்டும்.

கே: என் தாத்தா பீடி குடித்தே 92 வயது வரை இருந்தார். நான் மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்?
– வாசகர், வேலூர்

ப: உங்கள் தாத்தா சாட்சி சொல்ல 92 வரை இருந்தார். அவரோடு திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்த மற்றவர்கள் ஏன் சாட்சிக்கு வரவில்லை என்று விசாரித்தீர்களா? உலகத்திலேயே அதிக நாள் வாழ்ந்ததாகப் பதிவான, 122 வயதில் 1997-ல் மறைந்த பிரெஞ்சுப் பெண்மணி ஜான் கல்மானும் சிகரெட் பிடித்தவர்தான். விதிவிலக்கை வைத்து விதியைத் தள்ள முடியாது.

விதி என்னவென்றால்: பிரிட்டனில் ரிச்சர்ட் டால் 1951-ல் தொடங்கிய ஆய்வில் டாக்டர்களையே அரை நூற்றாண்டு பின்தொடர்ந்தார்கள். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷத்தை இழந்தார்கள். ஐம்பதில் நிறுத்தியவர்கள் ஆறு வருஷத்தை மீட்டார்கள். அறுபதில் நிறுத்தியவர்களுக்கும் மூன்று வருஷம் திரும்பக் கிடைத்தது. இதைவிட நல்ல பென்ஷன் எந்த அரசாங்கமும் தராது. ‘நான் வெற்றிலை பாக்கோடு சரி’ என்கிறவர்களுக்கும் ஒரு தகவல்: புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் சேர்த்து நெடுநாளாகிறது.

கே: ஜப்பானில் ஒகினாவா தீவில் எல்லோரும் நூறு வயது வாழ்கிறார்களாமே! அவர்கள் சாப்பிடுவதை நாமும் சாப்பிட்டால் என்ன?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: முதலில் அவர்களுடைய பிறப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டும் என்கிறார் சால் நியூமன் என்ற ஆய்வாளர். நூற்றுப்பத்தைத் தாண்டியவர்கள் அதிகம் இருப்பதாகச் சொல்லப்படும் இடங்களில் பல, பிறப்பு இறப்புப் பதிவேடு ஒழுங்காக இல்லாத இடங்கள் என்று கண்டுபிடித்ததற்காக 2024-ல் அவருக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். 2010-ல் ஜப்பானே கணக்கெடுத்தபோது, ஏட்டில் உயிரோடு இருந்த நூறு வயதுக்காரர்களில் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை நேரில் காணவில்லை!

நாம் சிரிக்க வேண்டாம். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட வைத்து வயது கணித்த பள்ளிக்கூடங்கள் நம்முடையவை. அந்தத் தலைமுறையில் இத்தனை பேர் மே, ஜூனில் பிறந்திருப்பதன் ரகசியம் அட்மிஷன் நோட்டில் இருக்கிறது.

ஜப்பானிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று உண்டு. 1928 முதல் அங்கே வானொலியில் உடற்பயிற்சி நிகழ்ச்சி வருகிறது. காலை ஆறரைக்குப் பியானோ ஒலித்ததும் பூங்காவில் கூடிய முதியவர்கள் சேர்ந்து கையைக் காலை ஆட்டுவார்கள். பத்து நிமிடம்தான். ஒருவர் வராவிட்டால் நாலு பேர் விசாரிப்பார்கள். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

கே: என் மாமியாருக்கு 74 வயது. ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடுவதில்லை, ராணி மாதிரி வைத்திருக்கிறேன். ஆனாலும் நாளுக்கு நாள் சோர்ந்துபோகிறார். எதில் குறை வைத்தேன்?
– மருமகள், ஈரோடு

ப: பாசத்தில் குறை இல்லை அம்மா, வேலையில்தான் குறை. உடம்புக்கு ஒரு குணம் உண்டு: தினமும் கேட்கிற பலத்தை மட்டும்தான் அது கையில் வைத்திருக்கும். கேட்காததைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். படி ஏற வேண்டாம் என்றால் படி ஏறும் பலம் போகும். கணக்குப் பார்க்க வேண்டாம் என்றால் கணக்கு போகும். ‘அத்தை, நீங்க உட்காருங்க’ என்று நூறு முறை சொன்னால் நூற்றியோராவது முறை அவர் எழுந்திருக்க மாட்டார்.

நாளைக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரையை வாங்கி அவர் முன்னால் வையுங்கள். காம்பை ஒரு கையில் பிடித்து, மறுகையின் இரண்டு விரலால் இலையை உருவி, பழுத்ததை விலக்கி, குச்சியைப் பொறுக்கிப் போடுவதற்குள் விரல், கண், கவனம் மூன்றும் வேலை செய்துவிடும். வாயும் சும்மா இருக்காது; உங்கள் கணவர் எட்டாம் வகுப்பில் பண்ணின அட்டகாசம் ஒன்று வெளியே வரும். அடுத்து ரேஷன் கடை, பால் கணக்கு, பேரனைத் தெருமுனை வரை கொண்டுவிடுவது என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கே திரும்பட்டும். அவர் செய்தால் நேரம் கூடுதலாகும், கொஞ்சம் கொட்டும், கொஞ்சம் கருகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ராணியாக இருந்தது போதும், அவருக்கு ஒரு இலாகா கொடுங்கள்.

கே: கணவருக்குக் காது மந்தம். ‘மெஷின் மாட்டினால் கிழவன் என்பார்கள்’ என்று மறுக்கிறார். டிவி சத்தத்தில் தெருவே செய்தி கேட்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

ப: கண்ணாடி மாட்டும்போது வராத வெட்கம் காதுக்கு மட்டும் ஏன் வருகிறதோ! காது கேட்காதவர் முதலில் பேச்சைக் குறைப்பார், பிறகு கல்யாணத்துக்குப் போவதைக் குறைப்பார், கடைசியில் மனிதர்களையே குறைத்துவிடுவார். நினைவு மங்கும் நோயைப் பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம், வாழ்நாள் முழுக்கப் பதினான்கு காரணங்களைக் கவனித்துக்கொண்டால் அந்த நோயில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று 2024-ல் சொன்னது. அதில் காது கேளாமை முக்கியமான ஒன்று. முதலில் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சில பேருக்கு அழுக்கை எடுத்தாலே தீர்ந்துவிடும். எடுத்த பிறகும் நீங்கள் சொல்வது மட்டும் கேட்கவில்லை என்றால், அது டாக்டரால் ஆகிற காரியம் இல்லை.

கே: பாத்ரூமில் விழாமல் இருக்க என்ன வழி?
– வாசகர், காரைக்குடி

ப: உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்தே சாகிறார்கள். அதிகம் அறுபது தாண்டியவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவசரமாக எழுந்து, லைட்டைப் போட்டால் எல்லோரும் விழிப்பார்களே என்று இருட்டில் தடவிக்கொண்டு, தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈர டைல்ஸில் கால் வைக்கும் அந்த அரை நிமிடத்தைச் சரிசெய்தால் பாதி வென்றாயிற்று.

எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். படுத்தவர் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். வழியில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பு எரியட்டும். மிதியடி வழுக்கினால் தூக்கிப் போடுங்கள். வேட்டியும் நைட்டியும் தரையைக் கூட்ட வேண்டாம். கைப்பிடி வேண்டும் என்றால் கைப்பிடியே வைக்க வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடிக்காதீர்கள், அது இரண்டு சின்ன ஸ்க்ரூவில் தொங்குகிறது. துண்டைத் தாங்கும், உங்களைத் தாங்காது. உள்ளே தாழ்ப்பாள் போடாதீர்கள். மானம் போகாது, கதவை உடைக்கும் நேரம் மிச்சமாகும்.

கே: விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. தூக்க மாத்திரை போடலாமா?
– வாசகர், புதுச்சேரி

ப: நீங்கள் எட்டரைக்கே படுப்பவர் என்றால், மூன்றரைக்குள் ஏழு மணி நேரம் ஆயிற்று. மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குபவர் என்றால் அதையும் சேர்த்துக் கடன் பாக்கி இல்லை. 65 வயதுக்கு மேல் ஏழு முதல் எட்டு மணி நேரம் போதும். மதியத் தூக்கத்தை அரைமணிக்குள் முடியுங்கள், படுக்கப் போவதைப் பத்துக்குத் தள்ளுங்கள், ஐந்து மணிக் காபியை மூன்றுக்கு இழுங்கள். காபியின் பாதி வீரியம் ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தூக்க மாத்திரை முதியவர்களைத் தூங்க வைப்பதோடு தள்ளாடவும் வைக்கும். அதன் தொடர்ச்சி மேலே காரைக்குடிக்காரருக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது.

கே: தடுப்பூசி எல்லாம் குழந்தைகளுக்குத்தானே?
– வாசகி, திருவண்ணாமலை

ப: கிருமி ஆதார் அட்டை பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை ஃப்ளூ ஊசி, நிமோனியாவுக்கு ஒரு ஊசி இரண்டையும் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரையோ ஆஸ்துமாவோ இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்.

கே: வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் புற்றுநோய் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.
– வாசகர், அரியலூர்

ப: அனுப்பியவரைக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாகம் ஓடும். வயதானால் தாக உணர்வு மந்தமாகும், அதனால் எலுமிச்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குத் தண்ணீர் குடிப்பது நல்ல பழக்கம். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவோடு.

கே: ரிட்டையர் ஆகிவிட்டேன். வாழ்க்கை முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது.
– முன்னாள் அரசு அலுவலர், மதுரை

ப: மதுரையில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 58. முடக்குவாதத்தில் விரல்கள் எப்போதோ கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியிருந்தார். 1976-ல் பதினோரு படுக்கையோடு ஒரு வீட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அதன் வாசலில் நிற்கும் கூட்டத்தை உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப்போய்ப் பார்க்கலாம். நீங்கள் ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம். முதியோர் பென்ஷனுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். முப்பது வருஷம் அலுவலகத்தில் கோப்பைத் திருப்பி அனுப்பிய அனுபவம் உங்களிடம் இருக்கிறது. எந்தக் காரணம் சொல்லித் திருப்புவார்கள் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

கே: நீங்கள் சொல்வதையெல்லாம் செய்தால் நூறு வயது உத்தரவாதமா?
– சந்தேகப் பேர்வழி, திருச்சி

ப: உத்தரவாதம் மிக்ஸிக்குத்தான் கொடுப்பார்கள், அதுவும் இரண்டு வருஷம். நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கும் நோய் வரும். எண்பதிலும் தானே குளித்து, தானே துணி உடுத்தி, பிடித்த கடைக்குத் தானே நடந்துபோய்த் தனக்குப் பிடித்த கத்தரிக்காயைப் பொறுக்கி வாங்கும் வாய்ப்பை இந்தப் பழக்கங்கள் கூட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். நூறைப் பற்றி நூறில் யோசிக்கலாம். மலைக்கோட்டைக்கு நானூற்றுச் சொச்சம் படி. உச்சிப்பிள்ளையாரைப் பார்த்து எத்தனை நாளாச்சு?